ஆறு மீட்டரில் பதினான்கு நிமிடம்

தேர்வுத்தாளை அவன் ஒளித்து வைத்திருந்த இடம்தான் முதலில் அவளுக்குச் சிரிப்பை வரவழைத்தது. வாஷிங் மெஷினின் உத்தரவாத அட்டையும், யாரும் ஒருநாளும் படிக்காத விளக்கப் புத்தகமும் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்துச் செருகியிருந்தான். மெஷின் தண்ணீரை வெளியேற்றாமல் அடம்பிடித்த காலையில் அந்த உறையைத் திறக்க வேண்டியதாயிற்று. நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. எண்பது வாங்கினால்தான் தேர்ச்சி. மதிப்பெண்ணுக்குக் கீழே சிவப்பு மையில் 'கணக்கு!' என்று ஒரே ஒரு சொல். ஊரில் பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் முதல் போன் வருவது அவள் கணவனுக்குத்தான். நாற்பத்து மூன்று வயது. இருபது மாடி உயர லிஃப்ட் குழிக்குள் ஒற்றை பெல்ட்டில் தொங்கிக்கொண்டு பாட்டு முணுமுணுக்கிற மனிதன், மார்க் தாளைப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி பதுக்கி வைத்திருந்தான்.

"என்னங்க இது?"

அவன் டீக் கோப்பையைக் கீழே வைத்தான். "அது... போன வாரம் எழுதினது."

"நல்லா எழுதியிருக்கேன்னு சொன்னீங்களே?"

"நான் நல்லாத்தான் எழுதினேன். அவங்கதான் சரியா திருத்தலை."

மூன்று வருடங்களுக்கு முன் அவனுக்கு இந்த டைவிங் பைத்தியம் பிடித்தது. முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை போவான், ஈரத் துண்டோடு திரும்பி வருவான், ஞாயிறு முழுக்கத் தூங்குவான். ஊருக்கு வெளியே, மலையைச் சுற்றிப் போனால் நூற்றிருபது கிலோமீட்டரில் கைவிடப்பட்ட ஒரு பெரிய கல்குவாரி இருந்தது. ஊற்று பீறிட்டு ஒரே மழைக்காலத்தில் நிரம்பியதாம். அவசரத்தில் விட்டுவிட்டு ஓடிய கல் உடைக்கும் இயந்திரம் இன்னும் அடியில் அப்படியே நிற்கிறது, நாற்பத்தைந்து மீட்டர் ஆழத்தில். சாதாரணப் பயிற்சி முடித்தவர்கள் அதன் பக்கம் போக முடியாது. அவ்வளவு ஆழத்துக்குப் போய் அங்கே தங்கிவிட்டு வருவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியில்தான் அவன் சேர்ந்திருந்தான். நீச்சல், சிலிண்டர் மாற்றுவது, இருட்டில் கயிறு பிடித்து வருவது எல்லாவற்றிலும் அவன்தான் முதல். கணக்கில்தான் கவிழ்ந்துவிட்டான்.

அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்தகத்தில் வேலை பார்த்தாள். அவளுடைய வேலை இரண்டாவது பார்வை. குழந்தைகளுக்கும் புற்றுநோயாளிகளுக்கும் போகும் மருந்தின் அளவை ஒருவர் கணக்குப் போட்டுக் கொடுப்பார். அவள் அதைப் பார்க்காமல் தன் தாளில் தனியாகப் போடுவாள். இரண்டும் ஒத்துவந்தால் மூலையில் சுருக்கொப்பம். பதினாறு வருடமாகத் தசமப் புள்ளிகளோடு குடித்தனம் நடத்துகிறவள். வீட்டுக்கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பிவந்து இழுத்துப் பார்ப்பவள். "கொடுங்க அந்தப் புத்தகத்தை," என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. சாப்பாட்டு மேசையில் அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு முதலில் அவளே படித்தாள். ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் அதிகம். அந்த அழுத்தத்தில் சுவாசிக்கிற காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்புக்குள் கரைந்து தங்கிவிடுகிறது. மேலே வரும்போது அது வந்த வழியே மெதுவாக வெளியேற வேண்டும். அவசரப்பட்டு ஏறினால் ரத்தத்திலும், மூட்டிலும், முதுகுத்தண்டிலும் குமிழியாகப் பொங்கிவிடும். சிலருக்குத் தோள்வலியோடு போகும். சிலருக்குக் கால் போய்விடும். அதனால் நின்று நின்று வர வேண்டும். எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் என்பதை இறங்குவதற்கு முன்பே எழுதி எடுத்துப்போக வேண்டும். கையில் கட்டுகிற கணிப்பொறி அதைச் சொல்லும்தான். ஆனால் அது நின்றுபோனால் என்ன செய்வாய் என்று கேட்கிற பயிற்சி இது.

அவனுக்கு எங்கே இடறியது என்று அவள் அரை மணியில் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு நிறுத்தத்தின் நிமிடத்தையும், இறங்கியதிலிருந்து ஓடும் மொத்த நேரத்தையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தான்.

"இப்படி யோசிங்க. மூணு மீட்டர் ஒரு மாடி. நாப்பத்தஞ்சு மீட்டர்னா தரைக்குக் கீழ பதினஞ்சாவது மாடி. அங்கேருந்து ஏழாவது மாடி வரைக்கும் நிக்காம வரலாம். அதுக்கு மேல ஒவ்வொரு மாடியிலயும் லிஃப்ட் நிக்கும். சொன்ன நேரம் முடியற வரைக்கும் கதவு மூடாது."

அவன் அட்டவணையைப் பார்த்தான். "ரெண்டாவது மாடியில பதினாலு நிமிஷமா? அவ்வளவு நேரம் கதவைத் திறந்து வச்சா ஜனங்க என்னை உதைப்பாங்க."

"உதைக்கட்டும். நீங்க கதவை மூடக் கூடாது."

அன்றிலிருந்து அவனுக்குக் கணக்கு வந்தது. மூன்று வாரத்தில் இரண்டாம் தேர்வு எழுதித் தொண்ணூற்றொன்று வாங்கினான். வகுப்பில் அவனை 'லிஃப்ட்' என்றுதான் கூப்பிடுவார்களாம். இப்போது அந்தப் பெயருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டதென்று சிரித்தான்.

அவளுக்குத்தான் நிம்மதி போயிற்று. அதுவரை அவளுடைய பயம் பொத்தாம்பொதுவாக இருந்தது. தண்ணீர், ஆழம், இருட்டு என்று குழந்தைகள் பயப்படுகிற மாதிரி. அதோடு பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தலாம். இப்போது பயத்துக்கு எண்கள் கிடைத்துவிட்டன. இன்னும் ஐந்து நிமிடம் அடியில் தங்கினால் மேலே எத்தனை நிமிடம் கூடும், இருபத்தொரு மீட்டரில் மாற்ற வேண்டிய, பாதிக்குப் பாதி ஆக்ஸிஜன் கலந்த இரண்டாம் சிலிண்டர் திறக்காமல் போனால் எவ்வளவு கூடும், கையிலிருக்கும் காற்று அதுவரை வருமா வராதா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். மருந்தகத்தில் ஊசி மருந்தை அளந்துகொண்டிருப்பாள். மனம் பாட்டுக்கு ஒன்பது மீட்டரில் நிற்கும். பக்கத்து இருக்கைக்காரி, "என்ன, வாய்க்குள்ளயே எண்ணிட்டு இருக்கீங்க?" என்று கேட்ட பிறகுதான் உதடு அசைவது அவளுக்கே தெரியும்.

எழுத்துத் தேர்வில் தேர்ச்சி பெற்ற அன்று வகுப்பில் எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். அவளையும் கூட்டிப்போயிருந்தான். பயிற்சி கொடுப்பவர் ஒரு பெண்மணி. குட்டையான உருவம், காது வரை வெட்டிய நரைமுடி. எல்லோரும் மேடம் என்றார்கள். சிலிண்டர் அடுக்கியிருந்த அறையின் மூலையில் அவள் மேடத்தைத் தனியாகப் பிடித்தாள்.

"மேடம், ஒருத்தர் நிறுத்தத்தை முடிக்காம பாதியில மேல வந்துட்டா என்ன செய்யணும்?"

மேடம் அவளைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார். "வந்துட்டா வந்தாச்சு. திரும்ப இறங்கவே கூடாது. படுக்க வச்சு ஆக்ஸிஜன் கொடுக்கணும். எனக்கு போன் போடணும்."

"அவர் நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னா?"

"எல்லாரும் முதல்ல அதைத்தாம்மா சொல்வாங்க. அதை நம்பித்தான் பாதிப் பேர் கெட்டுப்போறாங்க."

அடுத்த வாரம் வியாழக்கிழமை சாயந்திரம் அவன் ஒரு தாளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். நாற்பத்தைந்து மீட்டர், இருபத்தைந்து நிமிடம். சனிக்கிழமைக்கு. கூட வருவது பல் டாக்டர். வகுப்பில் அவனுக்கு ஜோடி அவர்தான். அவள் அவனுடைய தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தனியாகப் போட்டாள். பன்னிரண்டு மீட்டரில் மொத்த நேரத்தை ஒரு நிமிடம் குறைத்து எழுதியிருந்தான். திருத்தினாள். ஆறு மீட்டரில் பதினான்கு நிமிடம். ஐம்பத்தொன்பதாம் நிமிடம் தண்ணீருக்கு மேலே. மறுபடி ஒருமுறை போட்டாள். ஒத்துவந்தது. கை தானாகவே மூலையில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டது.

"மேடம் வராங்கல்ல?"

"மேடத்துக்குத் தெரியாம என்ன இருக்கு?" என்றான். ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டே சொன்னான். தேடியது கிடைத்ததா என்று தெரியவில்லை. வெறுங்கையோடு கதவை மூடினான்.

கூட வருகிறேன் என்று அவள் சொன்னபோது அவன் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு, "வாயேன். வெயில்தான், குடை எடுத்துக்கோ," என்றான்.

குவாரி அவள் நினைத்த மாதிரி பயங்கரமாக இல்லை. அதுதான் அவளை மேலும் பயமுறுத்தியது. மூன்று பக்கமும் செங்குத்தாக வெட்டிய சாம்பல் பாறை. நான்காவது பக்கம் லாரிகள் ஏறி இறங்கிய சரிவு அப்படியே தண்ணீருக்குள் போயிற்று. தண்ணீர் கரும்பச்சை. நடுவில் ஒரு மஞ்சள் மிதவை, அதிலிருந்து ஒரு கயிறு கீழே. அந்த வழியாகத்தான் இறங்குவதும் ஏறுவதும். வேறு யாரும் இல்லை. மேடத்தின் ஜீப் எங்கே என்று அவள் சரிவு முழுக்கத் தேடினாள். பல் டாக்டர் முதுகில் இரட்டை சிலிண்டரை ஏற்றிக்கொண்டு வார்களை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், எப்போதும் மன்னிப்புக் கேட்கிற முகம்.

"நீங்க கணக்கு பார்த்துட்டீங்கன்னு லிஃப்ட் சொன்னார். அப்புறம்தான் எனக்கே தைரியம் வந்துச்சு," என்றார். "மேடம் இருந்தா முப்பதுக்குக் கீழ விடவே மாட்டாங்க. தண்ணிக்குள்ள நடக்கற கடைசிப் பரீட்சை முடியட்டும்பாங்க."

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவிய மாஸ்க்கையே திரும்பக் கழுவினான்.

அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. மருந்தின் அளவைத்தான் சரிபார்த்திருக்கிறாள். சீட்டை எழுதிக்கொடுத்தது யார் என்று பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் முதல் வாரம் சேர்ந்த பெண்கூட அந்தத் தவறைச் செய்யமாட்டாள்.

"நில்லுங்க," என்றாள்.

"ஒரே ஒரு தடவை. கீழ அந்த மெஷினைத் தொட்டுட்டு வந்துடறேன். கணக்கு சரியா இருக்குல்ல? நீதானே போட்டே?"

அவள் பதில் சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம், கார் சாவியைத் தண்ணீரில் வீசியிருக்கலாம், மேடத்துக்கு அப்போதே போன் போட்டிருக்கலாம். இதெல்லாம் பிற்பாடு வரிசையாகத் தோன்றின. அந்த நேரத்தில் அவள் செய்ததெல்லாம், கணக்கு சரியா என்று கேட்ட கேள்விக்குத் தலையை அசைத்தது மட்டும்தான். அவன் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டான். பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு இரண்டு தலைகளும் மிதவைக்குப் பக்கத்தில் மூழ்கின.

மடியில் தாளின் பிரதி. கையில் கடிகாரம். முதல் பத்து நிமிடம் குமிழிகள் இரண்டு கொத்தாக மேலே வந்து உடைந்தன. பிறகு பரந்து, கலந்து, எது யாருடையது என்று தெரியாமல் போயிற்று. இருபத்தைந்தாம் நிமிடம் அவள் எழுந்து நின்றாள். இப்போது கிளம்ப வேண்டும். இருபத்தெட்டு: இருபத்தொரு மீட்டர், சிலிண்டர் மாற்ற வேண்டும். முப்பது. முப்பத்தொன்று. கயிற்றை ஒட்டிக் குமிழிகள் மறுபடி ஒடுங்கி, கொதிக்கிற மாதிரி வேகமாக வரத் தொடங்கின. மேலே வருகிறார்கள். நாற்பத்தைந்தாம் நிமிடம் அவள் மூச்சு விட்டாள். ஆறு மீட்டருக்கு வந்திருப்பார்கள். இரண்டு மாடி தூரம். தண்ணீர் தெளிவாக இருந்தால் பார்த்துவிடலாம். பதினான்கு நிமிடம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் வேலை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள்.

நாற்பத்தொன்பதாம் நிமிடம் மிதவைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வெடித்த மாதிரி ஒரு தலை மேலே வந்தது. ஒரே ஒரு தலை. மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தது. அவன்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். தவறு தன் கணக்கில் இருக்க வேண்டும் என்று அந்த ஒரு நொடி மனமுருக வேண்டிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை," என்று கத்திக்கொண்டே அவன் நீந்தி வந்தான். "மாஸ்க்ல தண்ணி பூந்துடுச்சு. டாக்டர் நல்லா இருக்கார், முடிச்சுட்டு வருவார். நான் நல்லாத்தான் இருக்கேன்." சரிவில் முட்டி போட்டு உட்கார்ந்து இருமினான். உதடு வெளிறியிருந்தது. சிரிக்க முயன்றான். "பத்து நிமிஷம்தானே. மறுபடி இறங்கி முடிச்சுட்டு வந்துடறேன்."

"கால் வச்சே, கொன்னுடுவேன்."

பதினெட்டு வருடத்தில் அவள் அவனிடம் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

பிறகு அவள் செய்ததெல்லாம் யாரோ செய்கிற மாதிரி இருந்தது. பல் டாக்டரின் கார் சாவி அவருடைய செருப்புக்குள் இருந்தது. பின்பெட்டியில் பச்சை ஆக்ஸிஜன் சிலிண்டர். ஆஸ்பத்திரியில் தினம் பார்க்கிற அதே திருகுதான், ஆனால் விரல் வழுக்கியது. அவனை மல்லாக்கப் படுக்கவைத்து முகமூடியை மாட்டினாள். மேடத்துக்கு போன் போட்டாள்.

"எவ்வளவு ஆழம்?"

"நாப்பத்தஞ்சு."

மறுமுனையில் நாற்காலி ஒன்று சட்டென்று நகர்ந்த சத்தம் கேட்டது.  

"ஆறுல எத்தனை நிமிஷம் பாக்கி?"

"பத்து."

"இப்ப என்ன செய்யுது அவருக்கு?"

"ஒண்ணும் செய்யலைன்னு சொல்றார்."

"சொல்லட்டும். கேளுங்க. பிரஷர் சேம்பர் இருக்கிற ஆஸ்பத்திரி ஒண்ணுதான், உங்களுக்கே தெரியும். நான் அங்க சொல்லிடறேன். ஆம்புலன்ஸ் அங்கேருந்து கிளம்பட்டும், நீங்க குவாரியிலேருந்து கிளம்புங்க, நடுவுல மாத்திக்கலாம். மலைப்பாதையில வராதீங்க. கேக்குதா? சீக்கிரம் போயிடலாம்னு தோணும். மேல ஏற ஏற இன்னும் மோசமாகும். சுத்து வழியா வாங்க. தண்ணி குடிக்கக் கொடுங்க. மூத்திரம் போறாரான்னு பாருங்க, அது நின்னா முதுகுத்தண்டுன்னு அர்த்தம்."

"மேடம்..."

"அப்புறம் பேசலாம்."

பல் டாக்டர் மேலே வந்தது சரியாக ஐம்பத்தொன்பதாம் நிமிடம். வந்தவர் கரையில் அவன் முகமூடியோடு படுத்திருப்பதைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டார்.  சிலிண்டர்களைக்கூட அங்கேயே போட்டுவிட்டு, பாதிக்குப் பாதி ஆக்ஸிஜன் கலந்த இரண்டை மட்டும் அவள் சொன்னபடி காரில் ஏற்றினார். அவள் சிலிண்டர் அளவுமானியின் முள்ளைப் பார்த்து மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தாள். பச்சை சிலிண்டர் ஐம்பது நிமிடம் வரும். ஆம்புலன்ஸைச் சந்திக்க எழுபது ஆகலாம். மீதிக்கு இந்த இரண்டு.

மலைப்பாதை பிரிகிற இடத்தில் ஒரு பலகை இருந்தது. இடது பக்கம் ஐம்பத்தாறு கிலோமீட்டர், வலது பக்கம் நூற்றுப்பன்னிரண்டு. அவள் வலது பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லையும் பார்க்கும்போது தப்பான பக்கம் திருப்பிவிட்டோமோ என்று நிமிடங்களை மறுபடி கூட்டிப் பார்த்தாள். பின்னிருக்கையில் அவன் கால்களைச் சுருட்டிப் படுத்திருந்தான். முன்னால் உட்கார்ந்திருந்த பல் டாக்டர் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் உடம்பைத் திருப்பி, "மூக்கைத் தொடுங்க. என் விரலை இறுக்கிப் பிடிங்க. இந்தக் கை. அந்தக் கை," என்றார்.

"நல்லாத்தான் இருக்கேன்யா," என்று முகமூடிக்குள்ளிருந்து பதில் வந்தது. நான்கு தடவை அப்படி வந்தது.

ஐந்தாம் தடவை பல் டாக்டர் அவன் கையைக் கொஞ்சம் அதிகநேரம் பிடித்திருந்தார். "இன்னொரு தடவை. வலது கை," என்றார். அவள் கண்ணாடியில் பார்த்தாள். அவர் முகம் கண்ணாடியில் விழவில்லை. அவன் முகம்தான் விழுந்தது. அவன் தன் வலது கையை, யாரோ மறந்து வைத்துவிட்டுப்போன பொருளைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுண்டுவிரல் மரத்துப்போன மாதிரி இருக்கு," என்றான். "படுத்திருக்கேன்ல, அதான்."

 அவள் ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தாள்.

பத்து கிலோமீட்டர் போனபின் அவன் முகமூடியைத் தூக்கினான். "மாஸ்க்ல தண்ணி ஒண்ணும் பூந்துடலை."

"முகமூடியைப் போடு. பேசாதே."

"கேளு. ஒண்ணும் ஆகலை. எல்லாம் சரியா நடந்துச்சு, நீ எழுதின மாதிரியே, நிமிஷம் தப்பாம. மெஷினைத் தொட்டேன். மேல வந்தோம். ஆறுல வந்து கயித்தைப் பிடிச்சுட்டு நின்னேன். தலைக்கு மேல வெளிச்சம் தெரியுது. உன் குடைகூடத் தெரியற மாதிரி இருந்துச்சு. நாலு நிமிஷம் ஆச்சு, இன்னும் பத்து இருக்கு. திடீர்னு எனக்கு..." அவன் முகமூடியை வைத்து ஒருமுறை இழுத்துவிட்டு மறுபடி தூக்கினான். "மூச்சு வேகமா வந்துச்சு. பத்து நிமிஷம் என்னால அங்க இருக்க முடியாதுன்னு தோணிடுச்சு. காரணமே இல்லை. டாக்டர் என் கையைப் பிடிச்சார். நான் உதறிட்டேன். அவர் காலையும் பிடிச்சார். உதைச்சுட்டு வந்தேன்."

பல் டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தாடையில் சிவந்த தடிப்பு ஒன்று இருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

அவள் அதுவரை எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். சிலிண்டர் பழுதானால், அதிகநேரம் தங்கினால், கூட வருகிறவர் தொலைந்துபோனால். அவன் பயந்துபோவான் என்பதற்கு ஒரு வரி எழுதவில்லை. பதினெட்டு வருடத்தில் அவன் எதற்காவது பயந்து அவள் பார்த்ததே இல்லை. வீட்டில் பயப்படுகிற வேலை முழுவதையும் அவளே எடுத்துச் செய்துகொண்டிருந்தாள். அவனுக்கு மிச்சம் வைக்கவில்லை.

"போடுங்க முகமூடியை," என்றாள். குரல் மரியாதைக்குத் திரும்பியிருந்தது.

ஒரு பெட்ரோல் பங்கில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. மாறும்போது அவன் தானாகவே இறங்கி நடந்தான். நான்கு எட்டு. ஐந்தாவது எட்டில் வலது கால் தரையைத் தேடியது. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டார்கள்.

சேம்பர் ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், சலவைப் பகுதிக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிதான். தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் மருந்தகத்துக்கு மாடியேறுவாள். உள்ளே போனது இல்லை. வெள்ளை அடித்த பெரிய இரும்பு உருளை, பக்கவாட்டில் வட்டக் கண்ணாடிகள், வெளியே முள்களும் திருகுகளுமாக ஒரு மேசை. நரம்பு டாக்டர் காலைத் தட்டிப் பார்த்தார், ஊசியால் குத்திக் குத்தி இது தெரிகிறதா இது தெரிகிறதா என்று கேட்டார், ஏதோ எழுதினார். அவனையும் ஒரு ஆண் நர்ஸையும் உள்ளே அனுப்பிக் கதவைத் திருகினார்கள். சேம்பரை இயக்குபவர் வயதில் சின்னவர், சாவகாசமாகப் பேசினார்.

"இப்ப பதினெட்டு மீட்டருக்குக் கொண்டுபோறோம்மா. தண்ணி கிடையாது, அழுத்தம் மட்டும்தான். அப்புறம் மெதுவா மேல கொண்டுவருவோம். நாலே முக்கால் மணி நேரம். தேவைப்பட்டா இன்னும் நீட்டுவோம்."

"கை, கால்?"

"சீக்கிரம் கொண்டுவந்துட்டீங்க. ஆக்ஸிஜன் கொடுத்துட்டே வந்திருக்கீங்க. பார்ப்போம்."

பார்ப்போம் என்ற சொல்லை அவளும் எத்தனையோ பேரிடம் மருந்தக ஜன்னல் வழியாகச் சொல்லியிருக்கிறாள். மறுபுறம் நின்று கேட்கும்போதுதான் அதில் ஒன்றுமே இல்லை என்பது தெரிந்தது.

மூன்று மணிக்கு மேடம் வந்தார். பல் டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அவரை வேறொரு டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பிவிட்டு, மேடம் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் அந்தத் தாள் இருந்தது, ஈரம் பட்டுக் காய்ந்து விறைத்த தாள். காரிலிருந்து பல் டாக்டர் கொடுத்திருக்க வேண்டும். மேடம் அதை மடியில் வைத்து வரிவரியாகப் படித்தார். மூலையிலிருந்த சுருக்கொப்பத்தில் கண்ணை நிறுத்தினார்.

"இது நீங்களா?"

"ஆமா."

"கணக்கு சரியாத்தான் இருக்கு," என்றார் மேடம். "தப்பா இருந்திருந்தா நான் உங்களைத் திட்டிட்டுப் போயிருப்பேன்."

 உருளைக்குள் காற்று சீறும் சத்தம் ஏறி இறங்கியது.

"நான் பதினஞ்சு வருஷமா அந்த ஆறு மீட்டர்ல நிக்கறேன்," என்று மேடம் சொன்னார். "இப்பவும் சில நாள் எனக்கு அங்க மேல வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, ஏறிடணும்னு தோணும். கயித்தையே பார்த்துட்டு நிப்பேன். அதை நான் வகுப்புல சொன்னதே இல்லை. சொல்லியிருக்கணும்." தாளை மடித்து அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. மேடம் அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு தேநீர் வாங்கிவர எழுந்து போனார்.

அவள் வட்டக் கண்ணாடிக்குப் போனாள். கனத்த கண்ணாடி. உள்ளேயிருப்பவர்கள் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தார்கள். அவன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் முகமூடி, கண் மட்டும் தெரிந்தது. அவளைப் பார்த்ததும் நர்ஸிடம் ஏதோ கேட்டான். நர்ஸ் தன் அட்டையையும் பேனாவையும் கொடுத்தார். அவன் இடது கையால் வாங்கி, பேனாவை வலது கைக்கு மாற்றினான். மாற்றுவதற்கே நேரம் எடுத்தது. விரல்கள் ஒவ்வொன்றாகப் பேனாவைச் சுற்றிப் போயின. குனிந்து எழுதினான். நடுவில் ஒருமுறை நிறுத்திக் கையை உதறிக்கொண்டான். மறுபடி எழுதினான். நர்ஸ் உதவ நீட்டிய கையை வேண்டாமென்று தோளால் தள்ளினான்.

பிறகு அட்டையைத் தூக்கிக் கண்ணாடியில் ஒட்டி வைத்துப் பிடித்தான். 'பசிக்குது' என்று எழுதியிருந்தது. அட்டைக்கு மேலே அவன் கண்கள் அவள் சிரிப்பதற்காகக் காத்திருந்தன. அவள் கண்ணாடியில் நெற்றி படுகிற அளவுக்கு நெருங்கிப் போனாள். சொல்லை அவள் படிக்கவில்லை. முதல் எழுத்தின் நிமிர்ந்த கோடு நேராக இருக்கிறதா, அடுத்ததன் மேல்வளைவு எங்கே நடுங்கியிருக்கிறது, நான்காம் எழுத்தின் கீழ்ச்சுழி முழுதாகச் சுற்றிவந்து சேர்ந்திருக்கிறதா, பாதியில் நின்றுவிட்டதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.